படத்தைப் பரிந்துரைத்தவர் யார்?

பங்கு மக்களின் இல்லங்களுக்குச் செல்லுங்கால் நம்மிடம் இப்பொழுது அடிக்கடி எழுப்பப்படும் கேள்வி ஒன்று உண்டு: "சுவாமி, நல்ல படம் ஏதாவது சொல்லுங்களேன்." முன்பெல்லாம் ஊர்க் கொட்டகையில் ஓடியது ஒரே படம். அதற்குப் போகலாமா, கூடாதா என்பதே குடும்பத்தில் எழுந்த வழக்கு. இன்று நிலைமை தலைகீழ். நெட்ஃபிளிக்ஸ் 2016 சனவரியில் நம் நாட்டுக்கு வந்தது; அதே ஆண்டின் இறுதியில் அமேசான் பிரைம் வீடியோவும் வந்தது. இப்பொழுது ஆயிரக்கணக்கான படங்களும் தொடர்களும் வீட்டுக் கூடத்திலேயே குவிந்து கிடக்கின்றன. எதைப் பார்ப்பது என்று அரைமணி நேரம் தேடிச் சலித்து, எதையும் பாராமலே படுக்கப் போகும் வீடுகளும் உள்ளன.

இச்சலிப்பைப் போக்க அத்தளங்கள் தாமே பரிந்துரை செய்ய முன்வருகின்றன. தொலைக்காட்சியைத் திறந்ததும் நமக்கென்றே தேர்ந்தெடுத்ததாகச் சொல்லிக்கொண்டு வரிசை வரிசையாகப் படங்கள் நிற்கின்றன அல்லவா? அவ்வரிசையை அமைப்பது கணினி. நாம் எதைப் பார்த்தோம், எந்த இடத்தில் நிறுத்தினோம், எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பனவற்றையெல்லாம் அது குறித்துக்கொள்கிறது. ஒரே படத்துக்கு அண்ணனுக்கு ஒரு முகப்பும் தங்கைக்கு வேறொரு முகப்பும் காட்டும் அளவுக்கு அதன் கணக்கு நுட்பமானது. தம் தளத்தில் மக்கள் பார்க்கும் நேரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு இப்பரிந்துரைகளின் வழியே அமைகிறது என்று நெட்ஃபிளிக்ஸ் அலுவலர்களே 2015இல் எழுதியுள்ளனர்.

தொடக்கத்தில் அந்நிறுவனம் பார்வையாளரிடம் ஐந்து நட்சத்திரங்களில் மதிப்பெண் கேட்டு வந்தது. எவர் எதற்கு எத்தனை நட்சத்திரம் தருவார் என்பதை 10 விழுக்காடு கூடுதல் துல்லியமாகக் கணித்துச் சொல்வோர்க்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என்று 2006இல் அறிவித்து, 2009இல் அப்பரிசை வழங்கவும் செய்தது. ஆயினும் 2017இல் நட்சத்திரங்களையே கைவிட்டு, கட்டைவிரல் சின்னத்தை வைத்துவிட்டது. காரணங்களுள் ஒன்று சுவையானது. மக்கள் உயர்ந்த ஆவணப்படங்களுக்கு ஐந்து நட்சத்திரம் தந்துவிட்டு, அன்றாடம் பார்த்ததோ அவர்களே குறைவாக மதிப்பிட்ட வேடிக்கைப் படங்களை! எது நன்று என்று நாம் வழங்கும் தீர்ப்பு ஒன்று. களைத்த மாலைப்பொழுதில் நம் விரல் தேடிச் செல்வது மற்றொன்று. கணினிக்கு இரண்டாவதே போதும். தமக்குப் போட்டி மக்களின் உறக்கமே என்று அந்நிறுவனத் தலைவர் அதே ஆண்டில் கூறியதை அவர் விளையாட்டாகச் சொன்னதாக நாம் எண்ணவில்லை.

மனிதர் செய்யும் பரிந்துரை வேறு வகையானது. "இதைப் பார்" என்று அத்தை சொன்னால், மறுவாரம் "பார்த்தாயா, எப்படி இருந்தது?" என்று அவரே கேட்பார். பிடிக்கவில்லையென்றால் அவரோடு சண்டையிடலாம். சொன்னவர் தம் சொல்லுக்குப் பொறுப்பாளி ஆகிறார். கணினியோடு யார் போய்ச் சண்டையிடுவது?

படங்களைப் பரிந்துரைப்பதில் திருச்சபைக்கும் நெடுநாள் பழக்கம் உண்டு. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1936இல் திரைப்படம் குறித்துச் சுற்றுமடல் எழுதியபோது, பார்க்கத்தக்கவை எவை, தகாதவை எவை என்று பட்டியலிட்டு மக்களுக்கு அறிவிக்குமாறு ஆயர்களைக் கேட்டுக்கொண்டார். ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. இறைநம்பிக்கையற்ற மார்க்சியரான பசோலினி மத்தேயு நற்செய்தியைப் படமாக்கியபோது, 1964 வெனிசு விழாவில் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பே அதற்குப் பரிசளித்தது. திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. எடுத்தவர் யார் என்பதை மட்டும் நோக்கியிருந்தால் அப்படம் நமக்குக் கிட்டியிராது.

நிற்க. நம் பங்கின் அன்பியம் ஒன்றில், கணவன் மனைவியர் மட்டும் கூடிய ஒரு மாலையில், ஜியோ பேபி இயக்கிய 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்னும் மலையாளப் படம் பார்க்கப்பட்டது. இப்படத்தின் வரலாறே நம் பொருளுக்குச் சான்று. பெரிய தளங்கள் முதலில் இதை ஏற்கவில்லை என்று இயக்குநரே கூறியுள்ளார். 2021 சனவரியில் நீஸ்ட்ரீம் என்னும் சிறு தளத்தில் அது வெளிவந்தது. பார்த்த பெண்கள் தோழியர்க்குச் சொன்னார்கள்; தோழியர் அக்காமார்க்குச் சொன்னார்கள். சில மாதங்களில் பெரிய தளமொன்றே அதை வரவேற்றது; கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. 2023இல் தமிழிலும் எடுக்கப்பட்டது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. புதிதாக மணமான பெண் ஒருத்தி; அவளுக்குப் பெயர்கூடப் படத்தில் இல்லை. விடிந்தால் அடுப்பு, உச்சியில் அடுப்பு, இரவில் பாத்திரம். மாமனார் ஒருபோதும் குரல் உயர்த்துவதில்லை. சோறு விறகடுப்பில் வெந்தால் நன்று, துணியை இயந்திரத்தில் போடாமல் கையால் துவைத்தால் நன்று என்று மென்மையாகவே சொல்கிறார். கழுவுதொட்டிக் குழாய் ஒழுகுகிறது. ஆள் கூட்டி வருமாறு அவள் சொல்லச் சொல்லக் கணவன் மறந்துகொண்டேயிருக்கிறான். மாதவிலக்கின்போது அவள் ஒதுக்கி வைக்கப்படுவதும் உண்டு. தாம்பத்தியக் காட்சிகள் இருப்பதால் இது வளர்ந்தோர்க்கு மட்டுமே உரிய படம் என்பதைப் பெற்றோர் கருத்திற்கொள்க. நேரடியாக இத்தளங்களில் வருவனவற்றுக்குத் தணிக்கைச் சான்று கிடையாது. 2021ஆம் ஆண்டின் விதிகளின்படி நிறுவனங்களே யு, 7, 13, 16 வயதுக்கான யு/ஏ, வளர்ந்தோர்க்கான ஏ என வகை குறிக்கின்றன. 13 வயது வகையிலிருந்து மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் உண்டு. அதைப் பயன்படுத்தும் வீடுகளை நாம் அதிகம் கண்டதில்லை.

படம் முடிந்ததும் வழக்குத் தொடங்கியது. "பாத்திரம் கழுவுவதையே எத்தனை நேரம் காட்டுவது?" என்றார் ஆடவர் ஒருவர். "நீங்கள் பார்த்தது ஒன்றேமுக்கால் மணி நேரம்தானே!" என்று எதிர்வரிசையிலிருந்து பதில் வந்தது. வேறொருவர், இது வேற்றுச் சமயத்தார் வீட்டுக் கதை, நம் வீடுகளில் இப்படியில்லை என்றார். அம்மியில் அரைத்த துவையல்தான் வேண்டும் என்று தம் மாமனார் எத்தனை ஆண்டுகள் கேட்டார் என்பதை ஒரு மூதாட்டி கணக்குச் சொன்னபோது அவ்வாதம் அடங்கியது. அதே மூதாட்டி, அப்பெண் இறுதியில் வீட்டைவிட்டு வெளியேறியதை ஏற்கவில்லை. இளைய பெண்கள் ஏற்றனர். அவர்களுள் ஒருவர் மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

நம் கருத்தையும் கேட்டார்கள். கணவனின் உள்ளத்தைப் படம் ஒரு கணமும் திறந்து காட்டவில்லை, அவன் மாறக்கூடும் என்னும் எண்ணத்துக்கே இடமளிக்கவில்லை என்பது அதன் குறை எனக் கூறினோம். ஆனால் பொறுத்துப்போ என்ற ஒரே சொல்லை எத்தனையோ இல்லங்களில் பெண்ணிடம் மட்டும் சொல்லி வந்திருக்கிறோமே, அதைப் படம் நம்மிடம் திருப்பிக் கேட்கிறது என்பதையும் மறைக்கவில்லை. திருமண உறவு முறிவது துயரமே. அம்முறிவு அவள் வெளியேறிய நாளிலா, குழாய் ஒழுகத் தொடங்கிய நாளிலா நேர்ந்தது என்று அங்கிருந்தோரைக் கேட்டோம். ஒருமித்த பதில் வரவில்லை. இரவு பத்து மணிக்கு மேலாகியும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பாத்திரம் கழுவும் காட்சிகளைக் குறைகூறிய அதே அன்பர், வெளியூரிலுள்ள தம் தம்பிக்கு இப்படத்தைத் தாமே பரிந்துரைத்தாராம். தம்பி பாதியில் நிறுத்திவிட்டாராம். "மீதியையும் பார்த்துவிட்டுப் பேசு" என்று அண்ணன் ஞாயிறுதோறும் தொலைபேசியில் வற்புறுத்தி வருகிறார்.