வெளிநாட்டுப் பயணமும் வைத்தியப் பரிசோதனையும்



வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லும் நம் இளைஞர்கள் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் இடையில் கடந்தாக வேண்டிய வாசல் ஒன்றுண்டு. 'மெடிக்கல்' என்று நாம் அழைக்கும் வைத்தியப் பரிசோதனையே அது. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம், குவைத், கட்டார், பஹ்ரைன், ஓமான் ஆகிய 6 நாடுகளும் தாம் அங்கீகரித்த நிலையங்களிலேயே இதனைச் செய்விக்கின்றன. முன்னர் 'கம்கா' என்று அறியப்பட்ட இவ்வேற்பாடு இன்று 'வாஃபித்' எனும் பெயரில் நடைபெறுகின்றது. மார்பு எக்ஸ்ரே மூலம் காசநோயும், இரத்தப் பரிசோதனை மூலம் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் பி, சி எனும் ஈரல் அழற்சிகளும் தேடப்படுகின்றன. அங்கு சென்றிறங்கிய பின்னரும் இகாமாவுக்காக மீண்டும் பரிசோதிப்பர். நோய் தென்படின் திருப்பியனுப்புவர்.

ஒரு நாடு தன் எல்லையில் நோயைத் தடுப்பதை அநீதி எனக் கூறிவிட முடியாது. கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிச் செல்கையில், அங்கு கொள்ளைநோய் பரவியுள்ளதெனக் கேள்வியுற்று ஸர்க் என்னுமிடத்திலிருந்து திரும்பிய வரலாறு நாமறிந்ததே. நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், நோய் கண்ட ஊரிலிருந்து தப்பியோடவும் வேண்டாம் என்ற நபிகளாரின் (ஸல்) வழிகாட்டலை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் அப்போது எடுத்துரைத்தார்கள். நமது நாடும் இதற்கு விலக்கன்று. 2016ஆம் ஆண்டு மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கையைச் சான்றுப்படுத்தியது. நோய் காவும் நுளம்பு இன்னும் இங்கிருப்பதால், வெளியிலிருந்து வரும் ஒரு நோயாளி மூலமும் அது மீண்டும் பரவக்கூடும். ஆகவேதான் மலேரியா பரவும் நாடுகளிலிருந்து வருவோர் விடயத்தில் நம் சுகாதாரத் துறையினர் விழிப்பாயிருக்கின்றனர்.

ஆயினும் எல்லா விதிகளும் ஒரே அளவில் நியாயமானவையல்ல. எச்.ஐ.வி. பேசுவதாலோ, உடன் உண்பதாலோ தொற்றுவதில்லை. அவ்வாறிருந்தும் 1987 முதல் அத்தொற்றுள்ளோர் நுழைவதைத் தடுத்துவந்த அமெரிக்கா, 2010இல்தான் அத்தடையை நீக்கியது. காசநோய் கண்டவர் சிகிச்சையை முடித்துவிட்டால் அவுஸ்திரேலியா விசா வழங்கக்கூடும். வளைகுடாவிலோ, முற்றாகக் குணமடைந்தவரின் நுரையீரலில் எஞ்சிய பழைய தழும்பு கூட 'அன்ஃபிட்' என்ற தீர்ப்புக்குப் போதுமானது. இன்று நோயே இல்லாதவருக்கு இது பெரும் இழப்பு என்பதே எனது கருத்து.

நம் கவலைக்குரியது இதனினும் வேறொன்று. 'அன்ஃபிட்' என்பது பயணத்தைத் தடுக்கும் சொல் மாத்திரமே. அது நோயறிக்கையன்று, சிகிச்சையுமன்று. மகன் அன்ஃபிட் ஆனதும் 'விசா சரிவரவில்லை' என ஊராருக்குச் சொல்லி மூடிமறைக்கும் பெற்றோர் உள்ளனர். வேறொருவரின் எக்ஸ்ரேயைக் காட்டிச் சமாளிக்கலாமென ஆலோசனை கூறுவோரும் உள்ளனர். இது தெளிவான மோசடி. காசநோய் காற்றினால் பரவுவது. ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் உறங்கும் தொழிலாளர் விடுதியில் அதனை முதலில் பெறுபவர் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் நம் சகோதரரே.

இளைஞனே, எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததாகக் கூறினால் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, உமது மாவட்டத்தின் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்லும். சளிப் பரிசோதனையே அது நோயா, தழும்பா என்பதைத் தெளிவுபடுத்தும். நோயெனில் வழமையான சிகிச்சை 6 மாதங்கள். அரச நிலையங்களில் அது இலவசம். முறையாக மருந்துண்ணத் தொடங்கியபின் பெரும்பாலானோரிடமிருந்து சில வாரங்களுக்குள் தொற்று பரவுவது நின்றுவிடும். இருமல் குறைந்ததும் இடைநடுவில் நிறுத்துவோருக்கே மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உருவாகும் அபாயம் அதிகம்.

பெற்றோரே, வீட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருப்பின் அவர்களையும் அந்நிலையத்தில் காட்டுங்கள். பிறந்தவுடன் பீ.சீ.ஜீ. ஊசி ஏற்றியிருந்தாலும் காட்ட வேண்டும். சிகிச்சை முடிந்ததற்கான அத்தாட்சியையும் பழைய எக்ஸ்ரே படங்களையும் எறிந்துவிடாதீர்கள். பின்னொரு நாள் வேறு நாடொன்றுக்கு விண்ணப்பிக்கும்போது அவற்றையே முதலில் கேட்பார்கள்.