மலைமேல் ஓர் ஆய்வுக்கூடம்

தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. அச்செல்வத்தைச் சில நாள்களில் அழித்துவிடும் கொடுமை வெக்கை நோய்க்கு இருந்தது. கடுங்காய்ச்சல், வாய்ப்புண், ஓயாத கழிச்சல் என முற்றும் இந்நோய், தாக்கிய மந்தையில் பெரும்பாலான மாடுகளைக் கொன்றது. ஏர்மாடுகள் மாண்ட ஊரில் நிலம் தரிசாகக் கிடந்தது, வறுமை பின்தொடர்ந்தது.

தொலைவில் ஓர் இடம்

கால்நடைகளின் கொள்ளைநோய்களை ஆராய 1889ஆம் ஆண்டு புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. தொற்றுக்கிருமிகளை மக்கள் நெருங்கி வாழும் நகரில் வைத்து ஆராய்வது ஆபத்தானது. எனவே 1893இல் அக்கூடம், இமயமலையின் குமாவுன் பகுதியில் ஏறத்தாழ 7,500 அடி உயரத்திலுள்ள முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த இராபர்ட் காக் 1897இல் அங்கு வருகை தந்தார்.

ஆடு காத்த மாடு

தொடக்கத்தில், நோயெதிர்ப்பாற்றல் பெற்ற மாடுகளின் குருதியிலிருந்து ஊநீரைப் பிரித்தெடுத்துப் பிற மாடுகளுக்குச் செலுத்தினர். அது தந்த பாதுகாப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1920களில் எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர் அங்கு வேறொரு வழியைக் கண்டார். நோய் நச்சுயிரியை ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டுக்கு என மீண்டும் மீண்டும் செலுத்தியபோது, மாட்டைக் கொல்லும் அதன் வீரியம் குறைந்தது. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் திறனோ குறையவில்லை. அதிலிருந்து உருவான தடுப்பூசி, ஒருமுறை செலுத்தினாலே மாட்டைப் பல்லாண்டு காத்தது.

நெடிய போராட்டம்

மருந்தைக் கண்டறிந்தது பாதிப் பணியே. அதனை ஊர்தோறும் கொண்டுசேர்ப்பது மறுபாதி. 1954இல் தேசிய அளவில் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஆண்டுதோறும் பிறக்கும் கன்றுகளுக்கும் தடுப்பூசி தேவைப்பட்டது. விடுபட்ட மந்தைகளில் நோய் உயிர்த்திருந்தது. நம் நாட்டில் 1995இல் இறுதியாக அது காணப்பட்டதும் தமிழகத்தில்தான்.

அதன்பின் தடுப்பூசியை நிறுத்தும் துணிவு தேவைப்பட்டது. குருதியிலுள்ள எதிர்ப்பொருள் தடுப்பூசியால் வந்ததா, நோயால் வந்ததா எனப் பிரித்தறிய அன்று இயலவில்லை. ஊசியை நிறுத்திக் கண்காணித்தால் மட்டுமே நோய் நீங்கியதை உறுதிசெய்ய முடியும். அவ்வாறே செய்து, 2006இல் இந்தியா இந்நோய்த்தொற்று அற்ற நாடானது. 2011இல் உலகமே விடுபட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதர் முற்றிலும் ஒழித்த இரண்டாவது நோய் இதுவே.

இன்றைய கால்நடை மருத்துவ மாணவர் வெக்கை நோயைப் பாடநூலில் மட்டுமே காண்கிறார். மலைமேல் தொடங்கிய அந்த நெடும்பணிக்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை.