சூடேறாத பற்றவைப்புக் கோல்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி 1962 முதல் மின்சாரமாகி வருகிறது. மின்சாரத்தால் சூடேறி, மருந்துத் தெளிப்பானின் அறுந்த கம்பியையும் பற்றவைத்துத் தரும் எளிய கருவி சால்டரிங் அயர்ன். அது சூடேறாவிடில், அங்கத்தினர்கள் உடனே எறிந்துவிட வேண்டியதில்லை.

முதலில் பிளக்கைக் கழற்றிக் கோலை ஆறவிடுக. பெரும்பாலும் கைப்பிடியருகே அடிக்கடி வளையும் ஒயரே அறுந்திருக்கும்; அப்பகுதியை வெட்டி நீக்கி மீண்டும் இணைக்கலாம். ஒயர் நன்றாயிருப்பின், சுருளின் மின்தடையை மீட்டரால் அளந்து பார்க்கவும். 230 வோல்ட், 25 வாட் கோலாயின் ஏறத்தாழ 2,100 ஓம் இருத்தல் வேண்டும். மீட்டர் தொடர்பே காட்டாவிடில் சுருளை மாற்றுக.

சூடேறியும் ஈயம் ஒட்டாவிடில் குறை நுனியில் உள்ளது. அதனை ஈரத்துணியால் துடைத்து, பேஸ்ட் தொட்டு, ஈயம் பூசுக.

தொட்டால் அதிர்ச்சி தரும் கோலை மட்டும் ஒருபோதும் பயன்படுத்தலாகாது. உயிரைப் பணயம் வைப்பது சிக்கனமன்று.