ஆசிரியர் வராத நாளிலும் பாடம் நடக்க வேண்டும்

கண்டி நகரிலிருந்து கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட எனச் செல்லும் பாதையிலும், மறுபுறம் வத்தேகம, பன்வில, மடுல்கலை எனச் செல்லும் பாதையிலும் சிறிய தமிழ்ப் பாடசாலைகள் பல உள்ளன. சிலவற்றில் தரம் 5 வரையும், சிலவற்றில் தரம் 11 வரையும் வகுப்புகள் நடைபெறுகின்றன. நகரத்துப் பெரிய பாடசாலையில் ஓர் ஆசிரியர் விடுமுறையில் நின்றால், அவருடைய இடத்தை நிரப்பப் பலர் இருப்பர். ஐந்து ஆசிரியர்களைக் கொண்ட தோட்டப் பாடசாலையில் ஒருவர் வராவிட்டால், அன்றைய கற்பித்தலில் ஐந்தில் ஒரு பங்கு நின்றுவிடுகிறது.

ஆசிரியர் வராமைக்கு நியாயமான காரணங்கள் உண்டு. மகப்பேற்று விடுமுறை, பயிற்சிச் செயலமர்வு, வலயக் கூட்டம், பரீட்சைக் கடமை, இடமாற்றம் என்று அவை நீளும். மழைக் காலத்தில் மண் சரிந்து பஸ் ஓடாத நாட்களும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் பாதைகள் துண்டிக்கப்பட்டதையும் பாடசாலைகள் மூடப்பட்டதையும் நாம் மறக்கவில்லை.

அந்த நேரத்தில் வகுப்புக்குச் செல்பவர் யார்? பக்கத்து வகுப்பு ஆசிரியர், அல்லது உயர்தரம் படித்துவிட்டுத் தோட்டத்திலேயே இருக்கும் ஒரு தொண்டர் ஆசிரியை. கையில் திட்டம் எதுவும் இல்லாமல் அவர் உள்ளே நுழைகிறார். "சத்தம் போடாமல் இருங்கள்", "புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள்" என்பதோடு அந்தப் பாடவேளை கழிந்துவிடுகிறது. வாரத்தில் இவ்வாறு நான்கு பாடவேளைகள் போனால் ஒரு தவணையில் எவ்வளவு போகும் என்பதை அதிபர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத, தனியார் வகுப்புக்குப் போக வசதியில்லாத பிள்ளைக்கு அந்த நேரத்தை ஈடுசெய்ய வேறு வழி இல்லை.

நெடுநாளைய குறை

தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் கொடுத்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்ற நிலையில் பல பாடசாலைகள் பல தசாப்தங்கள் இயங்கின. 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே அவை தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் வரத் தொடங்கினர். 2014, 2015 ஆம் ஆண்டுகளை அண்டி மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களும் பெருந்தொகையாக நியமிக்கப்பட்டனர். எனினும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களில் இடைவெளி முற்றாக நீங்கவில்லை. ஆகவே பதில் கடமை இங்கு அன்றாட நிகழ்வாக இருக்கிறது. அன்றாடம் நிகழ்வதற்கு முன்னாயத்தம் வேண்டும்.

இணையத்தில் என்ன கிடைக்கிறது?

பதில் கடமைக்குச் செல்பவருக்கு உதவக்கூடிய தமிழ்ப் பாடப்பொருள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எங்கே தேடுவது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளம். அரசாங்கப் பாடநூல்களை அங்கிருந்து தரவிறக்கம் செய்யலாம். இரண்டாவது, தேசிய கல்வி நிறுவகத்தின் தளம். பாடத்திட்டங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் அங்கே உள்ளன. ஒவ்வொரு தேர்ச்சிக்கும் எத்தனை பாடவேளை, என்ன செயற்பாடு என்பது வழிகாட்டியில் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பாடத்தில் பயிற்சி பெறாத ஒருவர் வகுப்புக்குள் போகுமுன் பார்க்க வேண்டிய முதல் நூல் இதுவே. மூன்றாவது, கல்வி அமைச்சின் "ஈ-தக்சலாவ". தரம் வாரியாகப் பாடங்களும் பயிற்சிகளும் மும்மொழிகளிலும் அதில் தொகுக்கப்பட்டுள்ளன.

வாசிப்புக்கு வேறு இரு இடங்கள் உண்டு. 2005 இல் தொடங்கப்பட்ட "நூலகம்" எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சிறுவர் சஞ்சிகைகளும் பழைய பாடநூல்களும் உள்ளன. பழைய பாடநூல் இன்றைய பாடத்திட்டத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம். கதையும் பாட்டும் என்றும் பொருந்தும். பெங்களூரின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய "ஸ்டோரிவீவர்" தளத்தில் படங்களோடு கூடிய தமிழ்ச் சிறுவர் கதைகள் வாசிப்பு மட்டம் குறிக்கப்பட்டுக் கிடைக்கின்றன. அச்சிட்டுப் பகிர்வதற்கும் அனுமதி உண்டு. செய்முறைக்கு, இந்தியாவின் அரவிந்த் குப்தா தமது தளத்தில் தந்துள்ள விளையாட்டுப் பொருட்களைப் பார்க்கலாம். பழைய பத்திரிகை, தீப்பெட்டி, குடிபானக் குழாய் போன்ற கழிவுப் பொருட்களால் அவை செய்யப்படுபவை.

சொல் மாறினால் பிள்ளை தடுமாறும்

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் தமிழில் தேடும்போது தமிழ்நாட்டுப் பாடங்களே பெரும்பாலும் முன்னால் வந்து நிற்கும். அவை நல்லவை, ஆனால் கலைச்சொற்கள் வேறு. நாம் ஒட்சிசன் என்பதை அங்கே ஆக்சிஜன் என்பர். நமது ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை; இரசாயனவியல் அங்கே வேதியியல்; பௌதிகவியல் அங்கே இயற்பியல். பாட ஆசிரியர் இதனை உடனே விளக்குவார். பதிலாக வந்தவர் அப்படியே காட்டிவிட்டுப் போனால், பரீட்சைத் தாளில் வேறு சொல்லைக் கண்டு பிள்ளை மயங்கும். ஆகவே காணொளியைக் காட்டுமுன் நமது பாடநூலின் அதே அலகைத் திறந்து, மாறுபடும் சொற்களைக் கரும்பலகையில் இரு நிரலாக எழுதிவிட வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். எந்தக் காணொளியையும் முழுமையாகப் பார்த்த பின்னரே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதும் கட்டாயம்.

ஒரு பெட்டி செய்வோம்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழிக் கல்வி தொடங்கியபோது நமது பிரதேசங்களின் நிலை வெளிப்பட்டது. தொலைபேசி அலை தேடிப் பிள்ளைகள் பாறைகளிலும் மரங்களிலும் ஏறிய படங்கள் பின்னர் பத்திரிகைகளில் வந்தன. பல தோட்டங்களில் இன்றும் அலை சீராக இல்லை. டேட்டாவுக்கும் பணம் வேண்டும். காலை எட்டு மணிக்கு வகுப்பில் நின்றுகொண்டு இணையத்தில் தேடுவது நடக்கிற காரியமல்ல. முன்கூட்டியே தேடி, தெரிந்து, கடதாசியில் வைத்திருக்க வேண்டும்.

இதற்கு நாம் முன்வைக்கும் வழி "பதில் பாடப் பெட்டி". ஒரு சாதாரண அட்டைப்பெட்டி, தரத்துக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பாடவேளைக்குள் முடியக்கூடிய பத்துச் செயற்பாடுகள், ஒவ்வொன்றும் ஒரே தாளில். தாளின் தலைப்பில் நோக்கம், தேவையான பொருட்கள், நேரம், அடியில் விடைகள். கணிதம் படிக்காத ஒருவரும் நம்பிக்கையோடு நடத்துவதற்கு விடைகள் அவசியம். பயன்படுத்தியவர் பின்புறத்தில் திகதியையும் வகுப்பையும் எழுதிவிட்டால், வழமையான ஆசிரியர் திரும்பி வந்ததும் என்ன நடந்தது என்று அறிவார். அதே தாள் அதே வகுப்புக்கு மீண்டும் போகாது. பாடநூல்களையும் வழிகாட்டிகளையும் ஒரு பென்டிரைவிலோ அதிபரின் தொலைபேசியிலோ சேமித்து வைத்தால் அலை இல்லாமலும் திறக்கலாம்.

பெட்டியில் இடக்கூடிய நான்கு செயற்பாடுகள்

1. முடிவில்லாக் கதை: ஒரு கதையை உரக்க வாசித்து, முடிவுக்கு முன் நிறுத்துக. சிறியவர்கள் முடிவைப் படமாக வரையட்டும். பெரியவர்கள் ஐந்து வசனங்களில் எழுதட்டும். பின்னர் உண்மையான முடிவை வாசித்து ஒப்பிடுக.

2. கொழுந்துக் கணக்கு: ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். காலையில் 8 கிலோவும் மாலையில் 12 கிலோவும் பறித்தால் மொத்தம் எவ்வளவு என்பது தரம் 3 இற்கு. அதிலிருந்து எத்தனை கிலோ தூள் என்பது தரம் 5 இற்கு. விகிதமும் சதவீதமும் தரம் 8 இற்கு. பல தரங்கள் ஒரே அறையில் இருந்தாலும் இதனை நடத்தலாம். விடைகள்: 20 கிலோ, 4 கிலோ, 5:1, 20 சதவீதம்.

3. மகாவலியோடு பயணம்: இலங்கைப் படத்தில் நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை, கண்டி ஆகிய ஊர்களை ஆறு ஓடும் ஒழுங்கில் குறிக்கச் சொல்லுக. பெரியவர்கள் ஆற்றின் வளைவுகள் மேல் நூலை வைத்து அளந்து, அளவுத்திட்டத்தின்படி நீளத்தைக் காணட்டும். மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர். விடை ஏன் குறைந்து வருகிறது என்று கேட்டால் நல்ல உரையாடல் பிறக்கும்.

4. காகிதச் சுழலி: ஒரு கடதாசிக் கீலத்தின் மேற்பாதியை நடுவே வெட்டி, இரு இறக்கைகளாக எதிரெதிர்த் திசைகளில் மடித்து, உயரத்திலிருந்து விடுக. இறக்கை நீளமானால், அடியில் ஒரு கிளிப் மாட்டினால் என்ன மாற்றம் என்று அட்டவணையில் பதிக. நெருப்பு, கூரிய கத்தி, இரசாயனப் பொருள் தேவைப்படும் எதையும் இப்பெட்டியில் வைக்க வேண்டாம்.

யாருடைய பொறுப்பு?

பெட்டி ஆசிரியருக்கு ஈடாகாது. நிரந்தர ஆசிரியரை நியமிப்பது அரசாங்கத்தின் கடமை. சிறு கொடுப்பனவுக்கு, சில இடங்களில் பெற்றோர் சேர்த்துக் கொடுக்கும் பணத்துக்கு, ஆண்டுக்கணக்கில் உழைக்கும் தொண்டர் ஆசிரியைகளுக்குப் பயிற்சியும் உரிய நியமனமும் கிடைக்க வேண்டும். "பெட்டி இருக்கிறதே, சமாளியுங்கள்" என்று எவரும் சொல்ல இடமளிக்கக் கூடாது. பெட்டியின் தாள்களில் பதிவாகும் திகதிகளே எத்தனை பாடவேளைகள் ஆசிரியரின்றிச் சென்றன என்பதற்குச் சான்றாகும். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அந்தக் கணக்கோடு வலயக் கல்வி அலுவலகத்தை அணுகலாம்.

நமது பங்குகளுக்கும் இதில் வேலை உண்டு. பங்கு மண்டபத்தில் கணினியும் அச்சுப்பொறியும் இருந்தால், மாதத்தில் ஒரு சனிக்கிழமை அயலிலுள்ள ஆசிரியர்களுக்காகத் திறந்து வைக்கலாம். மதம் பாராது எல்லா ஆசிரியர்களையும் அழைக்க வேண்டும். உயர்தரம் முடித்த இளைஞர், யுவதிகள் தரவிறக்கம் செய்யவும் தாள்களை ஒழுங்குபடுத்தவும் உதவலாம். ஒரு பாடசாலை செய்த தாளை மற்றொன்று பிரதி எடுத்தால் செலவும் உழைப்பும் பாதியாகும். அடுத்த தவணை தொடங்குமுன் ஒரு பாடசாலைக்கு, ஒரு தரத்துக்கு, பத்துத் தாள்கள் என்று தொடங்குவோம்.