சேலையில் வடியாத உப்பு

சேலம் அம்மாபேட்டையில் தெருவுக்குத் தெரு நெசவுக் குடும்பங்கள் உண்டு. பழைய பருத்திச் சேலை ஒன்றை மடித்தால் என்ன சாதிக்கலாம் என்ற கதை நூலோடு புழங்கும் இந்த ஊருக்குச் சட்டென்று புரியும்.

வங்கதேசத்தின் 65 கிராமங்களில் ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞரின் குழு நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. குளத்துத் தண்ணீரை மொள்ளும்போது குடத்தின் வாயில் சேலையை மடித்துக் கட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான். காலராக் கிருமி எந்தச் சேலையிலும் நுழைந்துவிடும் அளவுக்குப் பொடியானது. ஆனால் அது பெரும்பாலும் நுண்ணிய மிதவை உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் துணி பிடித்துக்கொண்டால் கிருமியும் அதோடு நின்றுவிடும். நான்கு மடிப்புக்குக் குறையக் கூடாது. புதுச் சேலையைவிடப் பழையதே மேல்: துவைத்துத் துவைத்துப் பஞ்சு எழும்பிய துணியில் இழைகளுக்கு நடுவே இருக்கும் கண் 20 மைக்ரான் அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. சேலையில் வடித்த கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது. நெய்பவர் கைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆப்பிரிக்காவில் துணி வடிகட்டி விரட்டியது நரம்புச் சிலந்தியை. நீருக்குள் இருக்கும் பொடிப் பூச்சியோடு வயிற்றுக்குள் போகும் இந்தப் புழு, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் போட்டு வெளியே வரும். 1986இல் சுமார் 35 லட்சம் பேரை வதைத்த நோய், 2023இல் உலகம் முழுக்க 14 பேரிடம் மட்டுமே இருந்தது. இதற்குத் தடுப்பூசி கிடையாது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் பதிவானார்.

கலங்கல் தண்ணீருக்கு நம்மிடம் தேற்றாங்கொட்டை இருந்தது. பானையின் உட்புறத்தில் அதை உரசி நீர் ஊற்றினால் வண்டல் திரண்டு அடியில் தங்கிவிடும். கலித்தொகையே இதைச் சொல்கிறது. சூடான் பெண்கள் நைல் நதித் தண்ணீரை முருங்கை விதைப் பொடியால் தெளிய வைத்தார்கள். இப்படித் தெளிந்த நீரை அன்றன்றே குடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் விதைச்சத்து கெட்டுவிடும்.

மணல் இன்னும் ஆழமாக வேலை செய்யும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் 1990களில் வீட்டு அளவில் வடிவமைத்த மணல் வடிகட்டி ஆப்பிரிக்கக் கிராமங்கள் பலவற்றில் இருக்கிறது. கான்கிரீட் தொட்டி, அடியில் ஜல்லி, மேலே நுண்மணல், மணலுக்கு மேல் எப்போதும் சுமார் 5 சென்டிமீட்டர் தண்ணீர். இரண்டு மூன்று வாரத்தில் மணலின் மேல் ஒரு நுண்ணுயிர்ப் படலம் கட்டும். அதிலுள்ள உயிர்கள் நோய்க்கிருமிகளைத் தின்றுவிடும். தொட்டி காய்ந்தால் படலம் செத்துப்போகும். வடிந்த நீரிலும் கொஞ்சம் குளோரின் கலப்பது நல்லது, வைரஸ் முழுதாக நிற்காது.

இத்தனையும் நிறுத்துவது நீரில் மிதப்பதை மட்டும்தான். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் பல இடங்களில் சிக்கலே கரைந்திருப்பதுதான்: கடினத்தன்மை, பாறையிலிருந்து ஊறும் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல் காவியேறும், அளவு கூடக்கூட எலும்பும் வளையும். சேலையோ மணலோ இதைப் பிடிக்காது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி, மிஞ்சியதில் ஃபுளோரைடு கூடத்தான் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து படிய வைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரின் நீரி (NEERI) என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் இதற்காகவே உருவாக்கியது. கென்யாவில் எலும்புக்கரி வைத்து வடிக்கிறார்கள். 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளுக்கு 2013இல் ஒகேனக்கல் காவிரி நீரையே குழாயில் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆகவே வடிகட்டி வாங்குவதற்கு முன்னால் தண்ணீரைப் பரிசோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் போர் தண்ணீர் மாதிரியைக் கொடுக்கலாம். பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய வரி ஃபுளோரைடு.