"என்னை ஆட்டைக்குச் சேத்துக்கல"

பள்ளி விட்டு வந்ததும் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, "என்னை யாருமே ஆட்டைக்குச் சேத்துக்கல" என்று உதட்டைப் பிதுக்குகிறது யு.கே.ஜி. படிக்கும் பிள்ளை. பெரும்பாலும் நம் வாயில் உடனே வருவது இரண்டில் ஒன்று. "நீ என்ன பண்ணே?" அல்லது "விடு, நீயும் அவங்களோட சேராதே." முதலாவது விசாரணை. இரண்டாவது, பிள்ளையின் சார்பில் நாமே 'காய்' விடுவது. இரண்டிலும் பிள்ளையின் துக்கம் அப்படியே இருக்கிறது.

சேர்ந்து விளையாடுவது பிறவியிலேயே வருவதில்லை. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மழலையர் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்து 1932இல் வகைப்படுத்தினார். இரண்டு, மூன்று வயதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவரவர் மணலை அவரவர் கிளறுவார்கள். "நீ அம்மா, நான் டாக்டர்" என்று பாத்திரம் பிரித்து ஆடுவது நான்கு, ஐந்து வயதில்தான் பெருகும். ஆகவே மூன்று வயதுப் பிள்ளை தனியாக ஆடினால் கவலை வேண்டாம். சேர்ந்து ஆடத் தொடங்கிய பிறகுதான் 'நீ வராதே'யும் வருகிறது.

ஏன் வராதே என்கிறார்கள்? கெட்ட எண்ணம் என்று நினைக்கிறோம். வில்லியம் கோர்சாரோ என்ற சமூகவியலாளர் பாலர் பள்ளிகளில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் கவனித்தவர். பிள்ளைகளே அவருக்குப் 'பெரிய பில்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்குப் புலப்பட்டது வேறு. பிள்ளைகளின் ஆட்டம் சீட்டுக்கட்டு வீடு மாதிரி. புதிதாக ஒருவர் நுழைந்தால் சரிந்துவிடும். பாடுபட்டுக் கட்டியதைக் காப்பாற்றத்தான் வாசலை அடைக்கிறார்கள். "நானும் வரட்டா?" என்று நேராகக் கேட்டால் "வேண்டாம்" என்பதே பெரும்பாலும் பதில். உள்ளே போன பிள்ளைகள் சுற்றி வந்து, என்ன நடக்கிறதென்று பார்த்து, அதற்குப் பொருந்துகிற ஒன்றைச் செய்துகொண்டே நுழைந்தார்கள்.

"போய் நல்லபடியா கேளு" என்று நாம் சொல்லி அனுப்புவது ஏன் பலிப்பதில்லை என்பது இப்போது புரியும்.

நம் தெருக்களில் இதற்கு ஒரு வழி இருந்தது: ஒப்புக்குச் சப்பாணி. ஓடத் தெரியாத பொடிசும் ஆட்டத்தில் உண்டு. பிடிபட்டாலும் கணக்கில் வராது. சொல் நயமானதல்ல, ஏற்பாடு நயமானது. ஆட்டமும் கெடாது, பொடிசும் அழாது. சொல்லிக்கொடுக்கப் பெரியவர் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

வகுப்பறையில் பெரியவர் இருக்கிறார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியில் பாலர் வகுப்பு எடுத்த விவியன் பேலி, விளையாட வருகிறவரை 'வராதே' என்று சொல்லக் கூடாது என ஒரு விதி வைத்தார். வைப்பதற்கு முன் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டார். நியாயம்தான், ஆனால் நடக்காது என்றார்கள் பலர். அந்த அனுபவத்தை 1992இல் நூலாகவே எழுதினார். சின்னவர்கள் விதிக்குப் பழகிக்கொண்டார்கள். ஆட்டத்தில் நாட்டாமை செய்து பழகிய பிள்ளைக்குத்தான் அது கசந்தது. பேலியின் வாதம் எனக்குப் பிடித்தது: வீட்டுக்கு யாரை அழைப்பது என்பது அவரவர் விருப்பம், வகுப்பறை எல்லோருக்கும் பொது. விலக்கப்பட்ட பிள்ளையைத் திருத்தாமல் இடத்தின் வழக்கத்தைத் திருத்தினார்.

விதியை ஆணையாக மட்டும் சொன்னால் போதாது, ஆசிரியர் கொஞ்சம் ஆட்டத்துக்குள் இறங்கவும் வேண்டும். "இந்த ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் ஓட்ட ஆள் வேண்டாமா?" என்று ஒரு பாத்திரத்தை உருவாக்கிக் கொடுத்தால் கதையும் சரியாது, பிள்ளைக்கும் வேலை கிடைக்கும். இழுத்து வந்து 'சாரி' சொல்ல வைப்பதால், என் அனுபவத்தில், பிள்ளை கற்பது 'சாரி' என்ற சொல்லை மட்டும்தான்.

வீட்டில் முதல் வேலை, பேசாமல் மடியில் இடம் கொடுப்பது. பிறகு, நடந்ததற்கு ஒரு பெயர். "ஆசையா போனே, வேண்டாம்னுட்டாங்க. ஏமாற்றமா இருந்துச்சா?" கோபம், அழுகை இரண்டைத் தவிர வேறு பெயர் தெரியாத பிள்ளைக்கு ஏமாற்றம், கூச்சம், ஏக்கம் எல்லாம் ஒரே வயிற்றுவலிதான். பெயர் தெரிந்தால் அடுத்த முறை பையை எறிவதற்குப் பதிலாக வாயால் சொல்லும்.

அழுகை அடங்கிய பின், சொப்புச் சாமானை எடுங்கள். நீங்கள் சமையுங்கள்; பிள்ளை வெளியிலிருந்து வரட்டும். "நானும் வரட்டா?" என்று கேட்டால், "இடமில்லை" என்று விளையாட்டாகச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கத்தரிக்காய், தக்காளி கொண்டுவந்திருக்கேன், எங்கே வைக்க?" என்று வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். மாற்றி மாற்றி நாலைந்து முறை ஆடலாம். பிள்ளைக்கு இது பாடம் என்றே தெரியாது.

வேறொரு நாள், சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டுப் பாருங்கள்: "இன்னிக்கு யாராவது தனியா உட்கார்ந்திருந்தாங்களா?" ஒரு பெயர் வரும். சற்றுக் கழித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாங்கதான் சேத்துக்கல" என்றும் வரலாம்.