டாக்சிக் கடையில் தொங்கும் ஸ்போர்ட்ஸ் கார் பெல்ட்

கொல்கத்தாவின் தென்பகுதியில், ரவீந்திர சரோவர் ஏரிக்கும் பிரின்ஸ் அன்வர் ஷா சாலைக்கும் இடையே அமைந்த அமைதியான குடியிருப்பு லேக் கார்டன்ஸ். ஏரிக்கும் குடியிருப்புக்கும் நடுவே பட்ஜ் பட்ஜ் செல்லும் ரயில் பாதை ஓடுகிறது. வாழையிலைக்கும் காப்பித்தூளுக்கும் தமிழர்கள் நாடிச் செல்லும் லேக் மார்க்கெட் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. இப்பகுதி வீடொன்றின் கார் ஷெட்டில், தந்தையார் காலத்து எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் நடைபெறும் ஸ்டேட்ஸ்மன் பழங்கார் அணிவகுப்பில் அதை ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. ஒத்திகைக்காக வெளியே எடுத்த அன்று சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிகிறது; வெப்பமானியின் முள் மேலேறுகிறது. பானெட்டைத் திறந்தால் ஃபேன் பெல்ட் அறுந்து கிடக்கிறது.

அந்த எஞ்சினில் ஒரே ஒரு பெல்ட்தான் உண்டு. கிராங்க் புல்லியிலிருந்து சுழற்சியைப் பெற்று டைனமோவையும், விசிறியோடு இணைந்த வாட்டர் பம்ப்பையும் அது சுழற்றுகிறது. அது அறுந்தால் பாட்டரிக்கு மின்னேற்றம் நின்றுபோகும் என்பது சிறிய இழப்பு. தண்ணீர் சுற்றுவதும் நின்றுபோகும் என்பதே பெரிய இழப்பு. வீடுதானே அருகில் இருக்கிறது என்று நெரிசலில் மேலும் சிறிது தூரம் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையவும் காஸ்கெட் எரியவும் கூடும். சில நூறு ரூபாய்ப் பெல்ட்டுக்காகத் தொடங்கிய செலவு, எஞ்சினை இறக்கிப் பிரிக்கும் செலவாக வளர்ந்துவிடும். காப்பீடு கைகொடுக்கும் என்றும் எண்ண வேண்டாம். வழக்கமான மோட்டார் காப்பீட்டு ஒப்பந்தங்கள் தேய்மானத்தையும் இயந்திரக் கோளாற்றையும் அவற்றின் பின்விளைவான இழப்பையும் தம் பொறுப்பிலிருந்து விலக்கியே வைத்துள்ளன.

பெல்ட்டைத் தேடும்போது பெரும்பாலோர் காரின் பெயரைச் சொல்லித்தான் கேட்கின்றனர். எம்.ஜி.ஏ. என்றதும் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார், அது இயல்பே. ஆனால் பெல்ட்டுக்குக் காரின் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்தவை புல்லிகளும் அவற்றின் இடைவெளியும் மட்டுமே. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தக் காரின் எஞ்சின் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதுதான்.

கொல்கத்தாவாசிகளுக்கு இக்கேள்வி இனிய விடையைத் தருகிறது. 1955இல் எம்.ஜி.ஏ. அறிமுகமானபோது அதில் இருந்தது பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி’ வரிசையைச் சேர்ந்த 1489 சி.சி. எஞ்சின். பின்னர் ஹூக்ளிக் கரையில், உத்தர்பாராவில் உள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் உருவான அம்பாசிடருக்கும் அதே குடும்பத்து 1489 சி.சி. எஞ்சினே பொருத்தப்பட்டது. ஒன்றில் இரண்டு கார்புரெட்டர், மற்றொன்றில் ஒன்று. ஒன்று பந்தயக்காரி, மற்றொன்று சுமைதாங்கி. எனினும் இரண்டும் ஒரு தாய் மக்கள். லண்டனுக்குக் கடிதம் எழுதித் தேட வேண்டிய பொருளென்று நாம் கருதுவதற்கு மிக நெருங்கிய உறவினர், நகரின் மஞ்சள் டாக்சிகளுக்கு உதிரிபாகம் விற்ற கடையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. ஆயினும் பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்பெற்ற மல்லிக் பஜாரில், அதாவது ஏ.ஜே.சி. போஸ் சாலையும் பார்க் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் பகுதியில், தேடலைத் தொடங்குவதே அறிவுடைமை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘அம்பாசிடர் பெல்ட்’ என்று மட்டும் கேட்டு வாங்கினால் ஏமாற நேரிடும். அம்பாசிடரின் நீண்ட வாழ்நாளில் அதன் எஞ்சின் ஒன்றாகவே இருந்ததில்லை. 1980 வாக்கில் டீசல் வந்தது. அதுவும் 1489 சி.சி. தான்! பின்னர் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தது. கொள்ளளவு ஒன்றாக இருப்பதால் பெல்ட்டும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல இயலாது. அத்துடன் அறுபது, எழுபது ஆண்டுகள் வாழ்ந்த காரில் யார் யார் கைவைத்தார்கள் என்பதும் தெரியாது. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் பூட்டியிருக்கலாம், புல்லியையே மாற்றியிருக்கலாம். ஆதலால் குடும்ப உறவு தேடும் திசையைக் காட்டுமே தவிர, முடிவைச் சொல்லாது. முடிவைச் சொல்ல வேண்டியது அளவுகோல்.

அளப்பது கடினமன்று. அறுந்த பெல்ட்டின் நீளத்தை அப்படியே நம்பலாகாது. உழைத்த பெல்ட் நீண்டிருக்கும், பக்கங்கள் தேய்ந்து ஒடுங்கியும் இருக்கும். அதற்குப் பதிலாக டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அது நகரும் துளையில் எஞ்சின் பக்கமாக மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் நிறுத்துங்கள். நீளாத நூல்கயிறு ஒன்றை மூன்று புல்லிகளின் விளிம்பைச் சுற்றி இழுத்துப் பிடித்து, சந்திக்கும் இடத்தில் பேனாவால் குறியுங்கள். அக்கயிற்றின் நீளமே பெல்ட்டின் வெளிச்சுற்றளவு. பிறகு புல்லிப் பள்ளத்தின் மேல்வாய் அகலத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். கார்களில் 10 மி.மீ., 13 மி.மீ. என்னும் இரு அகலங்களே பெரும்பாலும் புழங்குகின்றன.

அகலத்தில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? ‘வி’ பெல்ட் என்பது ஓர் ஆப்பு. அது தன் இரு பக்கங்களால்தான் புல்லியைக் கவ்வுகிறது. அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. ஒடுங்கிய பெல்ட்டைப் போட்டால் அது தரையில் அமர்ந்து வழுக்கும். எவ்வளவு இறுக்கினாலும் கிறீச்சிடும். பள்ளத்தின் அடிப்பாகம் கண்ணாடிபோல் பளபளத்தால் நெடுநாளாகத் தவறான பெல்ட்டோ தேய்ந்த பெல்ட்டோ ஓடியிருக்கிறது என்று பொருள். சரியான பெல்ட்டின் மேற்பரப்பு ஏறக்குறைய புல்லி விளிம்போடு சமமாக நிற்கும்.

கடையில் பெரும்பாலோர் தடுமாறுவது நீளத்தில்தான். சில பெல்ட்டுகளில் வெளிச்சுற்றளவு அச்சிடப்பட்டிருக்கும், சிலவற்றில் உட்சுற்றளவு. ‘ஏ 37’ என்றால் 13 மி.மீ. அகலம், 8 மி.மீ. தடிமன், 37 அங்குல உட்சுற்றளவு என்று பொருள். 8 மி.மீ. தடிமனுள்ள பெல்ட்டில் உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் சுமார் 50 மி.மீ. வேறுபாடு உண்டு. உங்கள் கயிறு 1000 மி.மீ. காட்டியது எனில், 37 அங்குலம் அதாவது 940 மி.மீ. உள்ளளவுள்ள பெல்ட்டின் வெளியளவு 990 மி.மீ.; அது பொருந்தக்கூடியது. ஆனால் 1000 மி.மீட்டரையே உள்ளளவாகக் கருதி 39 அங்குலம் கேட்டால், கிடைக்கும் பெல்ட் நாற்பது மி.மீட்டருக்கு மேல் நீளமாக இருக்கும். டைனமோவை முழுவதும் தள்ளினாலும் தொய்வு நீங்காமற்போகலாம். கடைக்காரரிடம் ‘உள்ளளவா, வெளியளவா?’ என்று கேட்டுவிடுவது நல்லது.

அந்த ‘ஏ’ வகைப் பெல்ட்டைப் பற்றியும் ஒரு சொல். மாவு மில்லுக்கும் பம்ப்செட்டுக்கும் செய்யப்பட்ட தொழிற்சாலைப் பெல்ட் அது. அவசரத்துக்கு வீடுவந்து சேர அது உதவும். ஆனால் சிறிய புல்லிகளில், பானெட்டுக்குள் நிலவும் வெப்பத்தில், மிகு வேகத்தில் வளைந்து வளைந்து ஓட அது படைக்கப்படவில்லை. கார்களுக்கென்றே அடிப்புறத்தில் பற்கள் வெட்டப்பட்ட பெல்ட்டுகள் உள்ளன. அவை எளிதில் வளையும், சூடும் குறைவு. இத்தகைய பெல்ட்டுகளின் உறையைப் புரட்டிப் பார்க்கும் தமிழருக்கு ஒரு சிறு மகிழ்ச்சி காத்திருக்கலாம். நாடெங்கும் விற்கப்படும் ஃபென்னர் பெல்ட்டுகளோடு பிரிக்க முடியாத ஊர் மதுரை. கோச்சடையில் அதன் தொழிற்சாலை இருக்கிறது.

சென்னைக்கும் இவ்வகையில் ஒரு பங்கு உண்டு. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் தயாரித்த ஹெரால்ட் காரை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. 1962இல் அங்கே வெளிவந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் ஸ்போர்ட்ஸ் காரும் அந்த ஹெரால்டின் அடித்தளத்திலிருந்தே பிறந்தது. எஞ்சினும் அதே வழித்தோன்றல். ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர் ஹெரால்ட் தெரிந்த முதிய மெக்கானிக்கைத் தேடிப் போவது வீண்போகாது.

இதே முறையைப் புதிய கார்களுக்கும் கையாளலாமா என்றால், பாதி கையாளலாம். இன்றைய எஞ்சின்களில் ஓடுவது பல வரிகள் கொண்ட தட்டையான பெல்ட். அதன் முதுகிலேயே விடை எழுதியிருக்கும்: ‘6 பி.கே. 1200’ என்றால் ஆறு வரிகள், 1200 மி.மீ. நீளம். பழைய ரப்பர் வெடித்துத் தன் முதுமையைக் காட்டும், இப்போதைய இ.பி.டி.எம். ரப்பரோ வெடிக்காமலே தேய்ந்துபோகும். வெடிப்பில்லை என்பதால் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம்.

டைமிங் பெல்ட் முற்றிலும் வேறு. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் வந்த இந்தப் பற்பெல்ட், வால்வுகளைப் பிஸ்டனின் இயக்கத்தோடு ஒத்திசைக்கிறது. பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும். இதற்குக் கயிறு, அளவுகோல், உறவினர் என எதுவும் உதவாது. பற்களின் எண்ணிக்கை ஒத்தாலும் பல்லின் வடிவம் மாறினால் பெல்ட் பாழ். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கொடுத்துத் தயாரிப்பாளரின் பாக எண்ணைப் பெற்றே வாங்க வேண்டும். நம் நாட்டில் 1998இல் வெளிவந்த சான் ஸ்டார்ம் என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உடல் இந்தியாவினுடையது, 1.2 லிட்டர் எஞ்சினோ பிரான்சின் ரெனோ நிறுவனத்தினுடையது. அக்காலத்தில் ரெனோ இங்கே கார் விற்கவில்லை. எனவே அதன் உரிமையாளர் ‘சான்’ என்று கேட்டுப் பயனில்லை. ரெனோ க்ளியோ, ட்விங்கோ கார்களில் இருந்த அந்த டி7எஃப் எஞ்சினின் பெயரால் வெளிநாட்டில்தான் கேட்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது சுங்கவரியும் ஜி.எஸ்.டி.யும் அஞ்சல் செலவும் பெல்ட்டின் விலையை மிஞ்சக்கூடும். திருப்பி அனுப்புவது அதைவிடச் செலவு. பணம் செலுத்துமுன் பாக எண்ணை விற்பவரிடம் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். 2020இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியை வாடிக்கையாளரே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும். தேவை முடிந்ததும் அதை மூடிவிடலாம்.

பெல்ட் கிடைத்துவிட்டது. பூட்டுமுன் புல்லிகளின் துருவை நீக்கி, நேரான சட்டமொன்றை வைத்து அவை ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளிருக்கும் இழை அறுபடும். டைனமோவைத் தளர்த்திக் கையால் ஏற்றுவதே முறை. மிக நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 13 மி.மீ. தாழ வேண்டும், காரின் கையேடு வேறு அளவைச் சொன்னால் அதுவே சரி. மேலும் இறுக்கினால் வாட்டர் பம்ப்பின் பேரிங் தேயும். புதுப் பெல்ட் ஓடத் தொடங்கியதும் சற்றே தளரும். ஏரியைச் சுற்றி இரண்டொரு முறை ஓட்டிவந்து, எஞ்சின் ஆறியபின் மீண்டும் சரிபாருங்கள். அதே எண்ணில் இரண்டாவது பெல்ட் ஒன்றையும் வாங்கி, மடிக்காமல் உறையோடு டிக்கியில் வையுங்கள். எண்ணையும், அளந்த கயிற்றின் நீளத்தையும், வாங்கிய தேதியையும் உறையின்மேல் எழுதிவிட்டால் அடுத்தமுறை மல்லிக் பஜாருக்கு அச்சீட்டோடு போனால் போதும்.